நாற்பத்தொரு ஓட்டுக்கு நாற்பத்தொரு பெட்டி

அமெரிக்கா தேசத்தில் ஒரு மாகாணம். பேரைச் சொன்னால் அந்த மாகாணத்துக்காரர்களுக்கு வருத்தம் வரும், பக்கத்து மாகாணத்துக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். இரண்டு பாவமும் நமக்கு வேண்டாம். ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சத்தில், ரயில் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் நடந்தது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாகாணத்தின் ஒரு மூலையில் ஸ்லோக்கம் பள்ளம் என்று ஓர் ஊர். ஓட்டுரிமை உள்ள ஆண்கள் நாற்பத்தொரு பேர். பெண்களுக்கு ஓட்டு இல்லாத காலம் அது. அதனால் தேர்தல் நடக்கும் நாளில்கூட ஊரில் சோறு, பால், கோழிக்குத் தீனி முதலான காரியங்கள் எந்தக் குளறுபடியும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹார்ட்லி மேடு. அங்கே இருப்பவர்கள் கெட்டிக்காரர்கள். அவர்களே அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள்.

ஸ்லோக்கம் பள்ளத்தின் கிளார்க் எசேக்கியா பிளம். பத்தொன்பது வருஷமாக அவர்தான் கிளார்க். ஒல்லியான மனிதர், சுத்தமான காலர், யாருக்கும் ஒரு கெடுதல் நினைத்தறியாதவர். அச்சில் வந்த எதையும் அப்படியே நம்புவார். அவர் வீட்டு வாசலில் அவருடைய கல்லறைக் கல் நின்றுகொண்டிருந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க அவர் வீட்டில் தங்கிப்போன கல்தச்சன் ஒருவன் நன்றிக்கடனாகச் செதுக்கிக் கொடுத்துவிட்டுப் போனது. ‘இங்கே உறங்குபவர் எசேக்கியா பிளம், ஸ்லோக்கம் பள்ளத்தின் கிளார்க்’ என்று பூவேலைப்பாட்டோடு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதைத் துடைத்து மெழுகு பூசுவார். மனிதருக்கு உலகத்தில் இருந்த ஒரே பெருமை அந்தக் கல்தான்.

அந்தப் பெருமைக்குத்தான் ஆபத்து வந்தது. கவர்னர் தேர்தலுக்கு மூன்று வாரம் முன்னால் தலைநகரிலிருந்து மாகாணச் செக்ரட்டரி ஒரு கடிதம் எழுதியிருந்தார். போன இரண்டு தேர்தலிலும் ஸ்லோக்கம் பள்ளத்து ஓட்டு தலைநகருக்கு வந்து சேரவில்லை. இந்தத் தடவையும் தேர்தல் நடந்த பத்தாம் நாள் நடுப்பகலுக்குள் ஓட்டுப்பெட்டி என் கைக்கு வராவிட்டால், உங்கள் ஊர்ப் பெயரை வரைபடத்திலிருந்து அடித்துவிட்டு ஹார்ட்லி மேட்டோடு சேர்த்துவிடுவேன். இதுதான் சாரம்.

செக்ரட்டரி சொன்னதில் தப்பில்லை. முதல் தடவை அவர்கள் முடிவை ஒரு புட்டியில் அடைத்து ஆற்றில் விட்டார்கள். ஆறு தலைநகரிலிருந்து இவர்கள் பக்கம் ஓடிவருவது. திரும்பிப் போகும்போது எடுத்துக்கொண்டு போகும் என்று காத்திருந்தார்கள். இரண்டாம் தடவை, திருடன் கண்ணில் படாத இடத்தில் ஒளித்து வைத்தார்கள். திருடன் கண்ணில் படவில்லை, அவர்கள் கண்ணிலும் படவில்லை.

எசேக்கியா கடிதத்தோடு வாசலுக்குப் போய்க் கல்லைப் பார்த்தார். ஊரே இல்லாவிட்டால் கல்லில் எழுதியிருப்பது பொய்யாகிவிடும். பொய்க்குக் கீழே படுத்துத் தீர்ப்பு நாள்வரை தூங்க முடியுமா? தேவாலயக் காரியங்களைப் பார்த்துவந்த டீக்கன் செப்பனியாதான் ஊரின் பெரிய மூளை; அவரிடம் ஓடினார். டீக்கனார் தாடியைத் தடவிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார்.

“பெட்டி போய்ச் சேராதுன்னு தோணுச்சுன்னா, நீ ஒன்பதாம் நாளே செத்துப்போயிரு எசேக்கியா. அப்ப ஊர் இருக்கும். கல்லு உண்மையாயிரும்.”

“அதுவும் சரிதான் டீக்கனாரே. ஆனா பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போறது நானில்ல? செத்துப்போயிட்டா யாரு தூக்குறது?”

இது டீக்கனாருக்குத் தோன்றவில்லை. ஆகவே சாவதில்லை, பெட்டியைச் சேர்த்தே தீருவது என்று முடிவாயிற்று. அதற்கு ஒரே வழி, கடிதத்தோடு வந்திருந்த அச்சடித்த விதிகளை ஓர் எழுத்துப் பிசகாமல் நடத்துவது. எசேக்கியா அந்தத் தாளை ராத்திரியும் பகலும் படித்து மனப்பாடம் பண்ணினார்.

செப்டம்பரில் தேர்தல் வந்தது. கவர்னர் பதவிக்குக் கர்னல் ஃபிங்க் ஒரு பக்கம், நீதிபதி மட் ஒரு பக்கம். அந்தக் காலத்தில் சீட்டைக் கட்சிக்காரர்களே அச்சடித்துக் கொடுப்பார்கள். கர்னலுக்கு மஞ்சள் சீட்டு, நீதிபதிக்கு நீலச் சீட்டு. இரண்டு கட்சிப் பேச்சாளர்களும் வந்து பேசிவிட்டுப் போன பிறகு, ஊரில் பாதிப் பேர் மஞ்சள் அழகு என்றார்கள், பாதிப் பேர் நீலம்தான் அழுக்குத் தெரியாது என்றார்கள்.

காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் வாக்குப்பதிவு ஆரம்பம். முதலில் கொல்லன் ஆபகூக் வந்தான். ஆள் கதவு அளவு. விதி சொல்கிறபடி எசேக்கியா பெட்டியைத் திறந்து, கவிழ்த்து, காலியாக இருப்பதைக் காட்டினார். ஆபகூக் உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு மஞ்சள் சீட்டைப் போட்டான்.

அடுத்தது அவன் மச்சான் ஒபதியா, தேனீ வளர்ப்பவன். எசேக்கியா விதியை உரக்கப் படித்தார். ஓட்டுப் போடும் ஒவ்வொருவருக்கும், அவர் சீட்டைப் போடும் முன், பெட்டி காலியாக இருப்பதைக் கண்ணால் காட்ட வேண்டும். ஒபதியா எட்டிப் பார்த்தான்.

“காலியா இல்லையே கிளார்க்கையா. உள்ள மஞ்சளா என்னமோ கிடக்கு.”

“அது ஆபகூக் சீட்டு.”

“யார் சீட்டா இருந்தா என்ன, காலி இல்லன்னா காலி இல்லதானே?”

எசேக்கியா பெட்டியைக் கவிழ்த்து ஆபகூக்கின் சீட்டை எடுத்தார். கீழே விழுந்த சீட்டை வேறு யாரும் படிக்காமல் உரியவரிடமே சேர்க்க வேண்டும் என்பது இன்னொரு விதி. கண்ணை மூடிக்கொண்டு ஆபகூக்கிடம் நீட்டினார். ஒபதியா காலிப் பெட்டியைத் திருப்தியாகப் பார்த்துத் தன் நீலச் சீட்டைப் போட்டான். கையில் சீட்டோடு நின்ற ஆபகூக், அப்படியானால் தான் இன்னும் ஓட்டுப் போடவில்லை என்று கண்டுபிடித்து மறுபடி வந்தான். அவனுக்குப் பெட்டியைக் காலியாகக் காட்ட வேண்டும். ஒபதியாவின் சீட்டு வெளியே வந்தது.

மத்தியானம்வரை மச்சான்கள் இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டுப் போட்டார்கள். வெளியே முப்பத்தெட்டு பேர் வரிசையில் நின்றார்கள். தேர்தல் இவ்வளவு மும்முரமாக நடந்து அவர்கள் பார்த்ததே இல்லை. எசேக்கியா மட்டும் பெட்டிக்குள் எட்டி எட்டிப் பார்த்தார். அவர் கணக்கில், பெட்டியில் எப்போது பார்த்தாலும் ஓர் ஓட்டுக்கு மேல் சேரவில்லை.

டீக்கனார் தலைமையில் கூட்டம் போட்டார்கள். பெட்டியை உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டால் எல்லாரும் ஒரே சமயத்தில் காலியாகப் பார்க்கலாமே என்று ஒருவர் சொன்னார். செய்தும் பார்த்தார்கள். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. சீட்டை மட்டும் எத்தனை உயரம் வீசினாலும் திரும்பித் தலையிலேயே விழுந்தது. பிறகு டீக்கனார் எழுந்து நின்றார். அவர் எழுந்தால் எல்லாரும் தொப்பியைக் கழற்றுவது வழக்கம்.

“தப்பு விதியில இல்ல, பெட்டியில. ஒரே பெட்டிய நாப்பத்தொரு பேருக்குக் காலியாக் காட்டணும்னா எப்படி முடியும்? ஆளுக்கு ஒரு பெட்டி இருந்தா ஒவ்வொண்ணும் காலியாத்தானே இருக்கும்?”

இப்படி ஒரு மூளை நம் ஊரில் பிறந்திருக்கிறதே என்று இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள்.

அரைமணியில் நாற்பது பெட்டி வந்து சேர்ந்தது. ரொட்டிப் பெட்டி, தொப்பிப் பெட்டி, பிடில் பெட்டி, வெண்ணெய் கடையும் பீப்பாய், குழந்தை படுக்கும் தொட்டில். டீக்கனார் தனக்கென்று முன்கூட்டியே செய்து வைத்திருந்த சவப்பெட்டியைக் கொண்டுவந்தார். ஒபதியா தேனீப் பெட்டியைக் கொண்டுவந்தான், தேனீக்களோடு. இது காலிதானா என்று சந்தேகம் வந்தது. தேனீக்களுக்கு ஓட்டுரிமை இல்லை, ஆகவே தேர்தல் சம்பந்தப்பட்ட அளவில் இது காலி என்று டீக்கனார் தீர்ப்புச் சொன்னார். ஊர்ப் பெட்டி கிளார்க் என்கிற முறையில் எசேக்கியாவுக்கு. சாயங்காலத்துக்குள் நாற்பத்தொரு பெட்டியில் நாற்பத்தொரு சீட்டு விழுந்து, மூடி, அரக்கு வைத்தாயிற்று. அன்றைக்கு எசேக்கியா கல்லைத் துடைத்தபோது வாய்விட்டுப் பாடினார் என்று அவர் மனைவி பேஷன்ஸ் பிற்பாடு சொன்னாள்.

தலைநகர் அறுபது மைல். பெட்டிகளைச் சுமந்துகொண்டு கிளம்பும் சமயத்தில் எசேக்கியாவுக்கு இன்னொரு விதி ஞாபகம் வந்தது. ஓட்டுப்பெட்டியிலிருந்து நூறடிக்குள் சாராயம் வரக் கூடாது. அப்படியென்றால் ஒவ்வொரு பெட்டிக்கும் சுற்றிலும் நூறடி சொந்த நிலம் போல ஆயிற்று. பக்கத்துப் பக்கத்தில் நடந்தால் ஒருவர் நூறடிக்குள் இன்னொருவர் நூறடி வந்து வரப்புச் சண்டை ஆகிவிடும். அதனால் ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவே நூறடிக் கயிறு இரண்டை முடிந்து கட்டி, அதற்கும் மேல் ஓர் எட்டு இடைவெளி விட்டு நடப்பது என்று ஏற்பாடு. முன்னால் எசேக்கியா, கடைசியில் சவப்பெட்டியைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு டீக்கனார். ஊர்வலத்தின் நீளம் ஒன்றரை மைல். கடைசி ஆள் ஊரைவிட்டுக் கிளம்பும்போது முதல் ஆளுக்குப் பசிக்க ஆரம்பித்துவிட்டது.

வழியில் முதல் சாராயக் கடை வந்தது. உள்ளே பதினைந்து இருபது பேர். ஆபகூக் வாசலில் நின்று முத்திரை போட்ட விதித்தாளை நீட்டினான். அவன் அகலத்தையும் முத்திரையையும் பார்த்துவிட்டு எல்லாரும் குவளையை வைத்துவிட்டு எழுந்தார்கள். பீப்பாய்களையும் உருட்டிக்கொண்டு நூறடி தள்ளிப் போகச் சொன்னான். போனார்கள். எசேக்கியாவின் பெட்டி கடந்தது.

இரண்டாம் பெட்டியின் நூறடி வருவதற்கு இன்னும் ஓர் எட்டு இருந்தது. அந்த ஓர் எட்டில் குடிப்பதற்குச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை என்று எசேக்கியா நேர்மையாகத் திரும்பி நின்று அறிவித்தார். அடுத்தவன் உரிமையைப் பறிப்பது அவருக்குப் பிடிக்காது. குடிகாரர்கள் பீப்பாயை உருட்டிக்கொண்டு உள்ளே ஓடினார்கள், ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள், மறுபடி உருட்டிக்கொண்டு வெளியே ஓடினார்கள். இப்படி நாற்பது முறை. அந்த ஊரில் அவ்வளவு வேகமாக, அவ்வளவு சட்டப்படி யாரும் அதுவரை குடித்ததில்லை.

அந்த ஊர் மதுவிலக்குச் சங்கத்துப் பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடிகாரர்கள் வெளியே ஓடுவதை மட்டும் பார்த்தவர்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டு, மேளத்தைத் தூக்கிக்கொண்டு வந்து ஊர்வலத்தின் முன்னால் சேர்ந்துகொண்டார்கள். உள்ளே ஓடுவதை மட்டும் பார்த்த கடைக்காரர், ஒரே பகலில் சரக்கு தீர்ந்த சந்தோஷத்தில் பின்னால் சேர்ந்துகொண்டார். குடித்தவர்களும் அவரோடு வந்தார்கள். வயிற்றுக்குள் இருப்பது சாராயக் கணக்கில் வருமா என்று கயிறு நெடுகக் கேள்வி எழுந்தது. உள்ளே போன பிறகு அது சாராயம் இல்லை, ஆள் என்று டீக்கனார் பின்னாலிருந்து சொல்லி அனுப்பினார்.

வழியில் ஒன்பது கடை. ஒன்பதாவது கடை தாண்டும்போது முன்னால் முந்நூறு பெண்கள் பாடிக்கொண்டு போனார்கள், பின்னால் நானூறு ஆண்கள் வேறு பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். நடுவில் ஒன்றரை மைல் இருந்ததால் ஒருவர் பாட்டு இன்னொருவர் காதில் விழவில்லை.

தலைநகரில் இதற்குள் பெரிய கலவரம். மாகாணம் முழுக்க எண்ணி முடித்ததில் கர்னலுக்கும் நீதிபதிக்கும் ஓர் ஓட்டுக்கூட வித்தியாசமில்லாமல் சரிசமம். இன்னும் வராதது ஸ்லோக்கம் பள்ளம் ஒன்றுதான். நாற்பத்தொன்று ஒற்றைப்படை. யார் கவர்னர் என்பது அந்தப் பெட்டியில் இருந்தது. செக்ரட்டரி கார்னீலியஸ் பிராட்டில் ஐந்து நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. இரண்டு கட்சி ஆட்களும் அவரை இரண்டு தோளிலும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பத்தாம் நாள், பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கும்போது எசேக்கியா அரசாங்க மாளிகை முன்னால் வந்து நின்றார். படியில் செக்ரட்டரி, அவர் இரண்டு பக்கமும் இரண்டு கட்சிக்காரர்கள். பெட்டியைப் பார்த்ததும் செக்ரட்டரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நிம்மதியில் கோட்டுப் பையிலிருந்து ஒரு வெள்ளிக் குப்பியை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

எசேக்கியா அப்படியே நின்றுவிட்டார். கயிற்றை வீசி அளந்து பார்த்தார். எண்பது அடி. இருபதடி பின்னால் நகர்ந்தார். செக்ரட்டரி கையை நீட்டிக்கொண்டு படியிறங்கி வந்தார். அவர் வர வர எசேக்கியா பின்னால் போனார். எசேக்கியா போகப் போகக் கயிற்றின் கட்டுப்பாட்டில் இருந்த நாற்பது பெட்டியும் பின்னால் நடந்தது. வந்த வழியே ஊர்வலம் ஊரைவிட்டு வெளியே போக ஆரம்பித்தது. ஒன்றரை மைலுக்கு அப்பால் டீக்கனார், ஏதோ வீட்டில் மறந்து வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று சவப்பெட்டியைத் திருப்பினார்.

“ஐயா, தயவுபண்ணி நில்லுங்க. உங்க பையில குப்பி இருக்கு. நீங்க பக்கத்துல வந்தா பெட்டி செல்லாமப் போயிரும், எங்க ஊரும் போயிரும்,” என்று எசேக்கியா அழாத குறையாகக் கத்தினார். அந்த நேரத்தில் வாசலில் நிற்கும் கல் அவர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

செக்ரட்டரி மணிக்கூண்டைப் பார்த்தார். எட்டு நிமிஷம். குப்பியை எடுத்து, மூடியைக்கூடப் போடாமல், மாளிகை முன்னால் இருந்த நீரூற்றுக்குள் வீசினார். அது முட்டாள்தனமான காரியம். இப்போது நீரூற்று முழுக்கச் சாராயம் கலந்துவிட்டது. எசேக்கியா நீரூற்றிலிருந்து நூறடி அளந்து, தெருக்கோடியில் ஒரு குதிரை லாயத்துக்கு முன்னால் போய் நின்றார். செக்ரட்டரி ஓடினார். இரண்டு கட்சியும் பின்னால் ஓடியது. பன்னிரண்டு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கையில் செக்ரட்டரி சாணத்தில் வழுக்கி விழுந்து, விழுந்த வாக்கில் பெட்டியைத் தொட்டார்.

“வந்துடுச்சு. எல்லாப் பெட்டியும் வந்துடுச்சுன்னு எழுதிக்க. ஆண்டவரே! முதல்ல அதைத் திற,” என்று எசேக்கியாவிடம் கத்தினார்.

மணி பன்னிரண்டு அடித்தது. எசேக்கியா பிளம் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொது இடத்தில் குதித்தார். ஊர் பிழைத்தது, கல் பிழைத்தது. பின்னால் வருகிறவர்களைக் கூட்டிச் சேர்க்க அரைமணி ஆயிற்று. நாற்பத்தொரு பெட்டியும் லாயத்து முன்னால் வரிசையாக நின்றதும் எசேக்கியா விதித்தாளை எடுத்துக் கடமை ஏதும் விட்டுப்போயிற்றா என்று பார்த்தார். ஒன்று விட்டுப்போயிருந்தது.

“ஐயாவுக்கு இந்த மாகாணத்துல ஓட்டு உண்டுதானே?” என்று பணிவாகக் கேட்டார்.

உண்டு என்றார் செக்ரட்டரி, எதற்கு என்று புரியாமல்.

“அப்ப உங்களுக்கு இன்னும் பெட்டி காலியா இருக்கிறதைக் காட்டலையே.”

செக்ரட்டரி வாயைத் திறப்பதற்குள் நாற்பத்தொரு பேரும் ஒரே சமயத்தில் பெட்டியைத் திறந்து கவிழ்த்தார்கள். நல்ல காற்று. மஞ்சளும் நீலமுமாகச் சீட்டுகள் தெருவெல்லாம் பறந்தன. ஒபதியாவின் தேனீக்களும் பத்து நாள் கோபத்தோடு பறந்தன. கர்னல் கட்சிக்காரர்கள் நீலச் சீட்டுகளைத் துரத்திப் பிடித்து வாயில் போட்டு மென்றார்கள். நீதிபதி கட்சிக்காரர்கள் மஞ்சளை மென்றார்கள். விழுங்குவதற்கு நீரூற்றுக்கு ஓடியவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். எண்ணுவதற்கு ஒரு சீட்டும் மிஞ்சவில்லை. எசேக்கியா காலிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகச் செக்ரட்டரியின் மூக்குக்கு நேரே காட்டிக்கொண்டு வந்தார்.

சமநிலை என்றால் பழைய கவர்னரே தொடர வேண்டும் என்பது அந்த மாகாணச் சட்டம். அவரை எழுப்பிச் சொன்னார்கள். சரி என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினார்.

செக்ரட்டரிக்குத் தேனீ கொட்டி ஒரு கண் மூடியிருந்தது. திறந்திருந்த கண்ணால் ஓர் உத்தரவு எழுதினார். ஸ்லோக்கம் பள்ளம் இன்றோடு கலைக்கப்படுகிறது, உத்தரவை ஊரார் முன் வாசித்த கணத்திலிருந்து அது ஹார்ட்லி மேட்டின் பகுதி. கையெழுத்துப் போட்டு, ஒரு தகரப் பெட்டியில் வைத்து, அரக்கு முத்திரை பதித்து எசேக்கியா கையில் கொடுத்தார். ஊரில் ஓட்டுள்ள எல்லாரையும் கூட்டி, அவர்கள் முன்னால் பெட்டியைத் திறந்து வாசி என்றார். பாராட்டுப் பத்திரம் என்று நினைத்து எசேக்கியா அவர் கையைப் பிடித்து முத்தமிட்டார்.

ஊர் திரும்பியதும் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். எசேக்கியா புதுக் காலர் போட்டுக்கொண்டு வந்தார். பெட்டியைத் திறந்தார். விதிப்படி எல்லாருக்கும் காலியாகக் காட்ட வேண்டுமே, கவிழ்த்தார். ஒரு காகிதம் விழுந்தது. அடியில் இருந்த கையெழுத்து மட்டும் கண்ணில் பட்டது, உடனே கண்ணை மூடிக்கொண்டார்.

“செக்ரட்டரி சீட்டு. பாவம், பெட்டிக்குள்ள விட்டுட்டார். யாரும் படிச்சிராதீங்க.”

உரியவரிடம் சேர்க்க வேண்டும். மறுநாளே ஊர்வலம் கிளம்பியது, அதே நாற்பத்தொரு பெட்டியோடு, அதே கயிற்றோடு. உத்தரவு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக எல்லாப் பெட்டிக்கும் அரக்கு வைத்தார்கள். ஒன்பது சாராயக் கடைக்காரர்களும் முன்கூட்டியே கூடுதல் சரக்கு வாங்கிப் போட்டுக் காத்திருந்தார்கள். தலைநகரில் ஜன்னல் வழியாகப் பார்த்த செக்ரட்டரி, ஒன்றரை மைல் தூரத்துக்குப் பெட்டியாக வருவதைக் கண்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் இல்லாததால் சீட்டை அவர் நாற்காலியில் வைத்து, காற்றில் பறக்காமலிருக்கத் தொட்டிலைத் தூக்கி மேலே வைத்துவிட்டு வந்தார்கள்.

இனி யாரையும் நம்பிப் பிரயோஜனமில்லை என்று செக்ரட்டரி முடிவு பண்ணினார். உத்தரவைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு, குப்பியைக்கூட வீட்டில் விட்டுவிட்டு, குதிரை ஏறி நேரே ஸ்லோக்கம் பள்ளத்துக்கே வந்தார். தன் வாயாலேயே வாசித்துவிட்டுப் போய்விடலாம் என்பது திட்டம். பள்ளிக்கூட வாசலில் இறங்கினார். எசேக்கியாவும் டீக்கனாரும் ஓடிவந்து வரவேற்றார்கள். என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஊருக்கு ஒரு காகிதம் கொண்டுவந்திருக்கிறேன் என்றார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீக்கனார் கொஞ்ச தூரம் நடந்துபோய்த் தாடியைத் தடவிவிட்டுத் திரும்பி வந்தார்.

“காகிதம் எதுக்குள்ள வருதோ அதுதான் பெட்டி. இந்தத் தடவை ஐயாவுக்குள்ள வந்திருக்கு,” என்றார்.

ஆபகூக் செக்ரட்டரியின் இரண்டு கணுக்காலையும் பிடித்து, மிகவும் மரியாதையாக, தலைகீழாகத் தூக்கினான். காகிதம் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்து அவர் பையிலேயே திருப்பி வைத்தார்கள். மறுபடி விழுந்தது. நாலைந்து தடவை இப்படி நடந்த பிறகு, மூச்சு வாங்க, அதைத் தன் கையிலேயே கொடுத்துத் தொலைக்கும்படி செக்ரட்டரி கெஞ்சினார். கொடுத்தார்கள். தலைகீழாகத் தொங்கிக்கொண்டே அதை எட்டாகக் கிழித்துப்போட்டார். ஸ்லோக்கம் பள்ளம் எக்காலத்துக்கும் ஸ்லோக்கம் பள்ளமாகவே இருக்கட்டும் என்று சத்தியமும் பண்ணினார். அது காதில் விழுந்த எசேக்கியாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நேரே வீட்டு வாசலுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று, கல்லை ஒரு தடவை துடைத்துவிட்டு வந்தார்.

திரும்பி வந்தபோது காட்டும் வேலை ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவராக வந்து, குனிந்து, செக்ரட்டரி காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நாற்பது பேர் பார்த்தாயிற்று. பேஷன்ஸ் ஒரு தலையணை கொண்டுவந்து அவர் தலைக்குக் கீழே வைத்தாள்.

“இறக்கி விடுங்க,” என்றார் செக்ரட்டரி, கிழக்கும் மேற்கும் தெரியாமல்.

எசேக்கியா மண்டியிட்டு, காலரைச் சரிசெய்துகொண்டு, அவர் காதருகே அன்பாகச் சொன்னார்.

“இன்னும் ஒரே ஒருத்தர்தான் ஐயா பாக்கி. யோனா பல்லு பிடுங்க ஹார்ட்லி மேட்டுக்குப் போயிருக்கான். வியாழக்கிழமை வந்துருவான்.”

அன்று செவ்வாய்க்கிழமை. ஆபகூக் அவரை இன்னொரு கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டான்.